எல்லை மரத்தில் கட்டிய வீடு

யோஸ்ட் கிராம்லிக் தன் வாழ்நாளில் நூற்றுப் பதினேழு குடும்பங்களை நிலத்தில் உட்காரவைத்தார். அவர் சொல்லிக்கொண்ட எண் அல்ல இது. எங்கள் பள்ளத்தாக்கில் தெற்கே மாவு ஆலையிலிருந்து வடக்கே நீல மலையின் அடிவாரம் வரை புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டே போய், அவர் காட்டாத இடங்களைக் கழித்தால் கிடைப்பது. அவருக்கென்று இருந்தது ஐம்பது ஏக்கர். அதிலும் பாதி பாறை.

அவர் செய்த வேலைக்குப் பெயர் கிடையாது. சர்வேயர் என்று சொல்ல முடியாது. அரசாங்க உத்தரவு இல்லை. தரகர் என்றும் சொல்ல முடியாது. அவர் நிலம் விற்கவில்லை. வருஷந்தோறும் செப்டம்பர் கடைசியில் பிலடெல்பியா துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரும். ரைன் நதிப் பக்கத்து ஊர்களிலிருந்து எங்கள் ஜனங்கள் பேன் பிடித்த தலையும் ஆடுகிற கால்களுமாக இறங்குவார்கள். யோஸ்ட் துறையில் நின்று, யாருக்கும் ஊழியம் செய்யக் கட்டுப்படாத குடும்பங்களாகப் பார்த்துப் பேசுவார். நான்கு நாள் நடத்தி அழைத்து வருவார். இடம் காட்டுவார், நில அலுவலகத்துக்கு மனு எழுதுவார், சர்வேயர் அளக்க வரும்போது சங்கிலி பிடிப்பார். கூரை ஏறும்வரை கூடவே இருப்பார். பதிலுக்கு ஒரு பன்றிக்குட்டி கிடைக்கும், அல்லது அறுவடைக்கு இரண்டு ஆள் வரும். சில வருஷம் இரண்டுமில்லை.

அவரும் அப்படி இறங்கியவர்தான், பத்தொன்பது வயதில். கப்பல் கூலிக்கு ஈடாக இலைஷா தார்ன்பரி என்ற ஆங்கிலேய சர்வேயரிடம் ஐந்து வருஷம் ஊழியம். ஐந்து வருஷமும் காட்டுக்குள் இரும்புச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து நடந்தார். தார்ன்பரிக்குத் திசைகாட்டி தெரியும், கோணம் தெரியும், மண் தெரியாது. மண்ணை யோஸ்ட் தானாகத்தான் படித்தார். கறுப்பு வால்நட் மரம் நிற்கிற இடத்தில் அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கும், கோதுமை வரும். பைன் நின்றால் நடையைக் கட்டு. முழங்கை ஆழம் தோண்டி, ஒரு பிடி எடுத்து உருட்டி, மறுநாள் காலையில் அந்த உருண்டை எப்படி உடைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

இடம் பிடித்திருக்கிறதா என்று ஆண்களைக் கேட்கமாட்டார்.

"அவன் எதைக் காட்டினாலும் நல்லாருக்குங்கிறான். கப்பல்ல இருந்து இறங்கினா பாறைகூட நல்லாத்தான் இருக்கும்," என்பார். பிறகு மனைவியின் கையில் வாளியைக் கொடுப்பார். "ஊத்துல மொண்டுக்கிட்டு, வீடு கட்டப்போற இடம் வரைக்கும் நடம்மா. ரெண்டு தடவை நட. அப்புறம் சொல்லு."

நடந்து வருகிற நான்கு நாளும் அவர் பேசிக்கொண்டே வருவார். எந்தக் கொடி தொட்டால் அரிக்கும், எந்தப் பாம்பு வாலை ஆட்டும், எந்த மரத்தடியில் பன்றியைக் கட்டக்கூடாது. முன்னே வந்த ஒவ்வொரு குடும்பமும் செய்த ஒவ்வொரு தப்பும் பின்னால் வருகிறவர்களுக்குப் பாடமாகச் சேர்ந்துகொண்டே போனது. முதல் வருஷம் அரை நாளில் முடிந்த பேச்சு, ஆயிரத்து எழுநூற்று நாற்பத்து மூன்றில் முழுதாக இரண்டு நாள் எடுத்தது. அந்தப் பேச்சில் ஒரே ஒரு விஷயம் இல்லாமல் போனதுதான் டோர்ஷ் வீட்டுக் கதை.

அந்த வருஷம் அவர் அழைத்து வந்தது பதினோரு குடும்பங்கள். எல்லோரும் ஓடன்வால்ட் காட்டு ஓரத்து ஊர்க்காரர்கள். அதற்கு முன் வந்தவர்களில் பெரும்பாலோர் யோஸ்டைப் போலத் திராட்சைத் தோட்டத்து ஜனம். இவர்கள் மரம் தெரிந்தவர்கள் என்று அவருக்கு நிம்மதி. கிலியன் டோர்ஷ் அவர்களில் ஒருவன். இருபத்தாறு வயது, கோடரியில் கெட்டிக்காரன். அவன் மனைவி அப்பொலோனியா ஐந்து மாதக் கர்ப்பிணி. வாளியோடு இரண்டு தடவை நடந்து, ஓடையோரத்து இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். பாறையிடுக்கிலிருந்து ஊற்று, குளிர்காலத்திலும் உறையாது. ஊற்றுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே வெட்டவெளியாக நான்கு ஏக்கர் புல்வெளி. அதை எங்களில் யாரும் திருத்தவில்லை. முன்பு இங்கே குடியிருந்த லெனாப்பே பழங்குடிப் பெண்கள் அங்கே சோளம் போட்டிருந்தார்கள். அவர்கள் மேற்கே போய்விட்டார்கள் என்று நாங்கள் சொல்வது வழக்கம். போக வைக்கப்பட்டார்கள் என்பதே சரி.

அக்டோபரில் தார்ன்பரி வந்து பதினோரு நிலங்களையும் அளந்தார். இங்கே எல்லைக்கல் நடுவதில்லை. மூலையில் நிற்கிற மரத்தில் மார்பு உயரத்தில் கோடரியால் மூன்று கீறல் போடுவார்கள். 'ஓடைக் கரையின் வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி' என்று பத்திரத்தில் எழுதுவார்கள். அவ்வளவுதான் எல்லை. அளந்து முடிந்ததும் தார்ன்பரி குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அளவைத் தாள்களை நில அலுவலகத்தில் சேர்க்க யோஸ்ட் போகவேண்டியதாயிற்று. கூரை ஏறுவதற்கு முன் அவர் ஒரு கூட்டத்தை விட்டுவிட்டுப் போனது அதுவே முதல் தடவை.

நவம்பர் இருபதாம் தேதி திரும்பினார். கிலியன் வீட்டைத் தூரத்திலிருந்து பார்த்தபோது அவருக்கு சந்தோஷம். எட்டு வரிசை மரம் ஏறி, கூரையும் முடிந்து, புகை வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போனார். வாசலுக்கு வலதுபக்கம், சுவரின் அடிமரம் மட்டும் ஒரு முகம் செதுக்காமல் பட்டையோடு விடப்பட்டிருந்தது. அந்தப் பட்டையில் மூன்று கீறல்.

"கிலியன், இது எந்த மரம்?"

"ஓடை முக்குல நின்னுச்சே, அதுதாண்ணே. நம்ம பேருக்கு விட்ட மரம்."

"யாரு விட்டா?"

"சர்வேயர் அய்யாதான். நீங்களும் கூடத்தான் நின்னீங்க. கொத்திக் காட்டிட்டுப் போனாரே." கிலியன் கீறல்களைத் தடவிக் காட்டினான். "நாளைக்கு யாரும் வந்து திருட்டு மரம்னு சொல்லக்கூடாதுல்ல? அதான் கொத்து வெளியே தெரியுற மாதிரி போட்டிருக்கேன். மத்த மரமெல்லாம் நீங்க வெட்டலாம்னு சொன்னீங்களேன்னு பயந்து பயந்து வெட்டினேன். இது ஒண்ணைத்தான் நிம்மதியா வெட்டினேன்."

ஓடன்வால்டில் காடு பிரபுவுடையது. வனக்காவலன் கொத்திவிட்ட மரத்தைத்தான் குடியானவன் தொடலாம். கொத்தில்லாத மரம் வீட்டில் இருந்தால் சிறை. யோஸ்டுக்கு இது சின்ன வயதில் தெரிந்ததுதான். பதினெட்டு வருஷத்தில் மறந்துபோயிருந்தது. அவர் கண்ணுக்கு மரத்தில் கீறல் என்றால் எல்லை. வேறு எதுவுமாக அது இருக்க முடியும் என்ற நினைப்பே வரவில்லை.

"மத்த மூணு மரம்?" என்று கேட்டார்.

"அது தூரம்ணே. மூலைக்கு ஒண்ணா விட்டிருக்காங்க, பக்கம் பக்கமா விடக்கூடாதா? வசந்தத்துல களஞ்சியத்துக்கு வெட்டிக்கலாம்னு வெச்சிருக்கேன்."

யோஸ்ட் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்ணே, முகம் வெளுத்துப்போச்சு? மோர் தரவா?" என்று உள்ளேயிருந்து வந்தாள் அப்பொலோனியா.

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் மோர்க் குவளையை அவரிடம் கொடுத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"ஆக, நம்ம எல்லைக்கல்லப் பிடுங்கிச் சுவருக்கு அடியில போட்டிருக்க."

"எனக்கென்ன தெரியும்?"

"எங்க ஊர்ல எல்லைக்கல்ல நகத்தினவன் செத்தப்புறமும் நிம்மதியில்லாம அதைத் தூக்கிக்கிட்டு வயல் வயலா அலைவான். நெருப்பாச் சுடுமாம் கல்லு."

"உங்க ஊர்ல மட்டுமா? எங்க ஊர்லயும்தான்." கிலியன் அடிமரத்தின் நீளத்தைப் பார்த்தான். இருபத்திரண்டு அடி. "இதையா நான் தூக்கிக்கிட்டு அலையணும்?"

"தூக்கினா நாங்கூடத்தான் ஒரு முனையைப் பிடிக்கணும்," என்றார் யோஸ்ட். "சொல்லாம விட்டது நான்."

மோரைக் குடித்ததும் எழுந்து மற்றப் பத்து வீடுகளுக்கும் நடந்தார். இன்னும் இரண்டு மூலை மரங்கள் விழுந்திருந்தன. அந்த இரண்டு இடத்திலும் அண்டை வீட்டுக்காரர்கள் மைத்துனர்கள். கல் நட்டுக் கைகுலுக்கிக்கொண்டார்கள். கிலியனுக்கு அண்டை வீட்டுக்காரர் ஹியூ மேடக் என்ற வேல்ஸ் தேசத்து மனிதர். அவருடைய பத்திரமும் அதே ஓக் மரத்தில்தான் தொடங்கியது.

பிப்ரவரி முடியும்போது மேடக் வந்தார். அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. ஆறு வருஷமாக அவர் மாடுகள் அந்த ஊற்றில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. ஊற்று தன் எல்லைக்குள் என்றே அவர் நம்பியிருந்தார். அவருடைய பத்திரத்தில் இருந்ததும் 'ஓடைக் கரையின் வெள்ளை ஓக்' மட்டும்தான். கிலியன் வீட்டுக்காக ஓடைக் கரையில் பதினாலு ஓக் மரங்களை வெட்டியிருந்தான். எல்லை மரம் நின்றது மேலே இருக்கிற அடிக்கட்டையில் என்றார் மேடக். கீழே இருக்கிற அடிக்கட்டையில் என்றான் கிலியன். இரண்டுக்கும் இடையில் நாற்பது தப்படி. ஊற்றும் புல்வெளியும் அந்த நாற்பது தப்படிக்குள்.

மற்ற மூலைகளிலிருந்து அளந்து வந்தால் தெரியாதா என்று கேட்கலாம். பள்ளமும் சதுப்பும் தாண்டி மலைமேல் சங்கிலி இழுத்தால் நாற்பது தப்படி முன்னே பின்னே வரும். இது யாருக்குத் தெரியாவிட்டாலும் யோஸ்டுக்குத் தெரியும், இழுத்தவரே அவர்தான்.

மேடக் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். யோஸ்ட் கிலியனிடம் சொன்னார்: "சர்வேயரைக் கூப்பிடலாம்கிறார்."

"இவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா?"

"மத்தது உனக்கு வேண்டாம்."

மார்ச் மூன்றாம் வாரம் தார்ன்பரி கைத்தடியோடு வந்து சேர்ந்தார். யோஸ்ட் நடந்ததைத் தன் தப்பாகவே ஒப்புக்கொண்டார். தார்ன்பரி தலையை மட்டும் ஆட்டிவிட்டு, இரண்டு அடிக்கட்டைகளையும் சுரண்டிப் பார்த்தார். கீழ்க்கட்டையில் ஒரு விசேஷம் இருந்தது. மரத்தின் நடு ஒன்றல்ல, இரண்டு. இரண்டு முளைகள் ஒட்டி வளர்ந்து ஒரே மரமானது. வளையங்கள் இரண்டு நடுவையும் சுற்றி எட்டு போட்டது போல ஓடின. மேல்கட்டையில் ஒரே நடு.

"கீறல் விழுந்த மரத்தின் அடிமுனையைக் காட்டுங்கள்," என்றார் தார்ன்பரி.

அந்த முனைதான் தெரியவில்லை. தடித்த முனை என்று அதை அடுப்பு மூலைக்குக் கொடுத்து, அதன்மேல் கல்லும் களிமண்ணும் வைத்து அடுப்பையும் புகைபோக்கியையும் கட்டியிருந்தான் கிலியன்.

மேடக் கறாராக இருந்தார். அடுப்பில் ஒரு கல்லைப் பெயர்த்து எட்டிப் பார்ப்பது அவருக்குப் போதாது. மரத்தைக் கட்டையின் பக்கத்தில் கொண்டுவந்து போடவேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்றார். தார்ன்பரியும் அது நியாயம் என்றார்.

யோஸ்ட் இதை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். குழந்தை பிறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வெளியே நிழலில் இன்னும் பனி கிடந்தது.

"அடுப்பைக் கலைக்கணும். சுவரை நெம்பித் தூக்கணும். வீடு சாயவும் சாயலாம்," என்றார். "உருவிப் பார்த்து அது ஒத்துப்போகலைன்னா ரெண்டும் போச்சு. வேண்டாம்னா சொல்லுங்க. ஊத்துல பாதி கேட்டுப் பேசிப் பார்க்கிறேன்."

கிலியன் மனைவியைப் பார்த்தான்.

"பாதி ஊத்துன்னா எப்படி? காலையில எனக்கு, சாயங்காலம் அவர் மாட்டுக்கா?" என்றாள் அப்பொலோனியா. குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நீ எந்தக் கட்டையில இருந்து வெட்டினேன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

"குடிச்சிருந்தியா அன்னிக்கு?"

"இந்தக் காட்டுல எங்க போய்க் குடிக்க?"

"அப்ப உருவுங்க. நான் கப்பல்ல கூட வந்த பார்பரா வீட்டுல இருக்கேன்." வாசலில் நின்று திரும்பினாள். "அடுப்புக் கல்லை வரிசையா அடுக்குங்க. மறுபடி கட்டுறப்ப எது எங்கன்னு என்னைக் கேட்காதீங்க."

மறுநாள் பதினோரு வீட்டு ஆண்களும் வந்தார்கள். மேடக்கும் வந்து, கை கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். புகைபோக்கியை மேலிருந்து கல் கல்லாக இறக்கினார்கள். முன்சுவரின் கீழே ஆறு நெம்புகோல்களைக் கொடுத்தார்கள். யோஸ்ட் தரையில் குப்புறப் படுத்து, விரற்கடை விரற்கடையாக ஆப்பு வைக்கச் சொன்னார்.

"ஏத்து. நிறுத்து. இடதுபக்கம் தூங்குறியா, மெல்கியோர்?"

"ராத்திரி முட்டைக்கோஸ் சாப்பாடுண்ணே, தம் கட்ட முடியலை."

"அப்ப பின்னாடி நிக்கிறவன் கொஞ்சம் தள்ளி நில்லு. ஏத்து."

கூரையிலிருந்து பலகைகள் நான்கு விழுந்தன. இரண்டாம் வரிசை மரம் ஒரு முறை முனகியது. மத்தியானத்துக்கு முன் அடிமரம் வெளியே வந்தது. இரண்டு ஜோடி எருதுகள் அதை ஓடைக்கு இழுத்துப் போயின. கிலியன் முனையிலிருந்த களிமண்ணை ஓடைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தான். அவன் இரண்டு கையாலும் தேய்க்கட்டும் என்று யோஸ்ட் வாளியை வாங்கித் தானே ஊற்றினார்.

இரண்டு நடு. இரண்டையும் சுற்றி எட்டு.

 தார்ன்பரி காகிதத் துண்டு ஒன்றில் கட்டையின் வளையங்களைக் கோடு கோடாக எடுத்து, மரத்தின் முனையில் வைத்துப் பார்த்தார். பட்டைப் பக்கம் கோடரி தின்ற இடத்தில் கொஞ்சம் இல்லை; மீதி எல்லாம் ஒத்துப்போனது. பிறகு மேடக்கிடம் காகிதத்தை நீட்டினார். மேடக் மண்டியிட்டுத் தானே ஒருமுறை எண்ணினார். பிறகு மேல்கட்டைக்கு நடந்து போய் அங்கேயும் எண்ணிவிட்டுத் திரும்பி வந்தார்.

"சரி," என்றார். அந்த ஒரு சொல்லை யோஸ்ட் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

தார்ன்பரி கட்டை இருந்த இடத்தில் ஒரு கல்லை நடச் சொன்னார். 'முன்பு வெள்ளை ஓக் நின்ற இடத்தில் உள்ள கல்லில் தொடங்கி' என்று இரண்டு பத்திரங்களிலும் எழுதுவதாகச் சொன்னார். மரம் அதுவரை கல்லுக்குப் பக்கத்திலேயே சாட்சியாகக் கிடக்கவேண்டும். பிறகு, வந்ததோடு வேலையை முடிக்கலாம் என்று திசைகாட்டியை அந்தக் கல்லின்மேல் வைத்து, மலைமேல் நின்ற அடுத்த மூலை மரத்துக்குக் கோடு விட்டார். யோஸ்ட் சங்கிலி பிடித்தார். நடந்துகொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார்.

அவருக்கு முன்னால் கிலியனின் வீடு இருந்தது. மரத்தை அதிக தூரம் இழுக்க வேண்டாமே என்று மூலைக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்தான். கோடு வீட்டின் கிழக்குச் சுவரைத் தொட்டுக்கொண்டு போனது. ஊற்று, புல்வெளி எல்லாம் டோர்ஷ் பக்கம். வீடு முழுதும் மேடக் பக்கம்.

மெல்கியோர்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும். மேடக் என்ன என்று கேட்டார்; தார்ன்பரி கைத்தடியால் காட்டினார். மேடக் சிரிக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

யோஸ்ட் பார்பரா வீட்டுக்குப் போய் அப்பொலோனியாவிடம் இரண்டையும் சொன்னார். எதை முதலில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, ஊற்றை முதலில் சொன்னார். அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"அடுப்பு கலைஞ்சுதான கிடக்கு?"

"கிடக்கு."

"சுவரு தூக்கித்தான நிக்குது?"

"நிக்குது."

"அப்புறம் என்ன, எல்லாரும் அங்கதான நிக்கிறாங்க. இன்னும் இருபது தப்படி தூக்கி வைக்கச் சொல்லுங்க. ஊத்துக்கும் கிட்ட ஆகும்."

கூரைப் பலகைகளைக் கழற்றி, மரங்களுக்குக் கரியால் எண் போட்டு, வரிசை வரிசையாகப் பிரித்தார்கள். மேடக் தன் எருதுகளையும் ஓட்டிக்கொண்டு வந்து பூட்டினார். என் நிலத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது என்றார். யோஸ்ட் இந்தத் தடவை அதை அப்படியே மொழிபெயர்த்தார். "நன்றின்னு சொல்லுங்க," என்றான் கிலியன்.

மறுநாள் காலையில் புது இடத்தில் அடித்தளக் கல் வைத்தாயிற்று. அடிமரம் ஒன்று குறைந்தது. பழையது ஓடைக் கரையில் சாட்சியாகக் கிடந்தது. கிலியன் கோடரியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினான். நல்ல நேரான ஓக் ஒன்றைப் பார்த்து நின்றான். பட்டையைத் தடவினான். மரத்தை ஒரு முறை சுற்றி வந்தான். கோடரியை ஓங்கினான், இறக்கிவிட்டான்.

"அண்ணே," என்று கீழே பார்த்துக் கத்தினான், "நீங்களும் ஒரு தடவை சுத்தி வந்து பார்த்துருங்க."

யோஸ்ட் ஏறி வந்தார். ஒன்றுக்கு இரண்டு முறை சுற்றினார். பாசியைக் கையால் ஒதுக்கிப் பார்த்தார்.

"வெட்டு," என்றார்.